'முன்பணம் பெறப்பட்டது' என்று போட்டிருந்த வீடு

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். கொழும்பில் நல்ல வேலை, நல்ல சம்பளம், இப்போது ஹட்டனில் சொந்தமாக ஒரு வீடு. வருகிற வெள்ளிக்கிழமை பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு முன்னால் உட்கார்ந்து வீட்டு உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கப் போகிறாய். வீடு உனக்கில்லை, அம்மாவுக்கும் அப்பாவுக்கும்தான் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாய். அந்த வீட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் 'மீட்டிங் இருக்கும்மா' என்று வைத்துவிடுவாய். உனக்கு மட்டும் எழுதி அனுப்பினால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அழித்துவிடுவாய். அதனால் உன் பேரையும் என் பேரையும் விட்டுவிட்டு, எல்லாரும் வாசிக்கிற மாதிரியே எழுதுகிறேன். தோட்டத்திலிருந்து படித்து மேலே போய், இன்றைக்கு வீடு வாங்க விளம்பரம் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உன்னைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காவது இதில் ஏதாவது உதவும். உனக்கு உதவுமா என்று வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும்.

அந்த வீட்டின் விளம்பரத்தை நீதான் என் போனுக்கு அனுப்பினாய். முன்பக்கம் ஒரு கொய்யா மரம், சிமெண்ட் பூசிய வாசல், சமையலறைக்குள்ளேயே தண்ணீர்க் குழாய், நீல நிறத் தகரக் கூரை. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். முதல் படத்தின் மூலையில் ஒரு மஞ்சள் பட்டை இருந்தது. அதில் 'முன்பணம் பெறப்பட்டது' என்று போட்டிருந்தது. உடனே உன்னைக் கூப்பிட்டு, "இது யாருக்கோ போயிருச்சே தம்பி, இத ஏன் எனக்கு அனுப்புற?" என்றேன். "சும்மா பாருங்கம்மா, புடிச்சிருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க" என்றாய். பிடித்திருக்கிறது என்றேன். தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஒற்றை அறைக் காம்பராவிலேயே பிறந்து வளர்ந்து, கல்யாணமும் கட்டி, உன்னையும் அங்கேயே பெற்று வளர்த்தவளுக்கு அந்த வீடு பிடிக்காமல் போகுமா? அடுத்த வாரம் பட்டை பச்சையாக மாறி 'மீண்டும் விற்பனைக்கு' என்றிருந்தது. அது நின்றது ஒரு நாளோ என்னவோ. பிறகு சிவப்பாகி 'விற்பனையாகிவிட்டது' என்று வந்துவிட்டது. வாங்கியது நீ. முன்பணம் கொடுத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அவங்களே வேணாம்னு போய்ட்டாங்கம்மா, நமக்கு யோகம்" என்றாய். நானும் நம்பினேன். பெற்ற பிள்ளை சொல்வதை நம்பாமல் வேறு யார் சொல்வதை நம்புவது?

உன் அப்பாவின் சந்தோஷத்தை நீ பார்க்கவில்லை. தேயிலை ஸ்டோரில் அத்தனை வருஷம் கொழுந்து காயவைக்கும் சூட்டில் நின்று வேலை செய்த மனுஷன், எதற்கும் அதிகம் பேசாதவர், லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "பைப்பு குசினிக்குள்ளயே இருக்காம். வாளி தூக்கத் தேவையில்லையாம்." இதையே எல்லாரிடமும் சொன்னார். வீட்டுப் படங்களைக் காட்டச் சொல்லி என் போனை வாங்கி வைத்துக்கொள்வார். அவருக்கு வாசிக்கத் தெரியாது, படம் போதும். எந்தச் சுவரில் நாட்காட்டியை மாட்டுவது, எந்த மூலையில் தன் கட்டிலைப் போடுவது என்பதெல்லாம் அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். நான் கூடக் கேலி செய்தேன். "கல்யாணத்துக்குக்கூட இந்த மொகத்துல இவ்வளவு சிரிப்பு இல்லையே" என்றேன். அப்போதும் சிரித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னபடி கொட்டகலையில் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய் அந்த வீட்டைக் கூட்டித் துடைக்கப் போனேன். அப்பாவுக்கு இருமல், அதனால் தனியாகத்தான் போனேன். சாவியோடு புரோக்கர் நின்றிருந்தார். மரியாதையான மனுஷர், வாங்கம்மா வாங்கம்மா என்று கதவைத் திறந்துவிட்டார். உள்ளே காலை வைத்ததுமே முன் அறைச் சுவரில் ஒரு பிள்ளையார் படம். அதற்குக் கீழே ஒரு சின்ன மண் விளக்கு. படத்தில் போட்டிருந்த செவ்வந்தி வாடிப் போயிருந்தது, ஆனால் காய்ந்து உதிரவில்லை. யாரோ கொஞ்ச நாளைக்கு முன்புதான் போட்ட பூ. திரியில் எண்ணெய் ஈரம்கூட இருந்தது. வீட்டுக்காரர் வேறு மதம் என்று நீ சொல்லியிருந்தாய், அதனால் அது அவருடைய படம் இல்லை என்று தெரிந்தது. "இது யாரோடது?" என்று கேட்டேன்.

"அது முன்னாடி பேசுனவங்க வெச்சதும்மா" என்றார் புரோக்கர். ஒரு பையை என்னிடம் நீட்டினார். "நீங்களே கழட்டி இதுல போட்டுருங்க. அவங்ககிட்ட சேத்துர்றேன். நான் சாமி படத்துல கை வைக்க மாட்டேம்மா, பாவம்."

"அவங்கதான் வேணாம்னு போய்ட்டாங்களே, போறப்ப படத்த எடுத்துட்டுப் போகலையா?" என்றேன்.

அந்த மனுஷர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாரு வேணாம்னது? அவங்களுக்கு இன்னும் விஷயமே தெரியாதும்மா. றொசல்ல பக்கம் தோட்டம். புருஷன் டவுன்ல கடையில நிக்கிறாரு, அந்தம்மா கொழுந்து எடுக்குது, மக காமன்ட்ல துணி தைக்குது. பேங்க் லோனுக்குப் போட்டுட்டுக் காத்துக்கிட்டிருக்காங்க. உங்க மகன் கெட்டிக்காரரு. முன்பணம் வாங்கியாச்சுன்னு போட்டிருந்தும் விடல. அவங்க லோன் வர முந்தி நான் முழுசா தாரேன், மேலயும் போட்டுத் தாரேன்னு வீட்டுக்காரருக்கே நேரா கோல் எடுத்துட்டாரே. வெள்ளிக்கிழம கையெழுத்தானப்புறம் அவங்களுக்குச் சொல்லி, முன்பணத்தத் திருப்பிக் குடுத்துருவாங்க. நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க."

நீ இதை எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். பிசினஸ் என்பாய். நான் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு பிசினஸ் ஞாபகம் வரவில்லை. ஒரு சாமிப் படத்தைச் சுவரில் மாட்டினால் நம்மவர்களுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் ஞாபகம் வந்தது. நீ படித்து வெளியே போய்விட்டாய், உனக்கு மறந்திருக்கலாம். மற்றப் பிள்ளைகளுக்காகவும் சொல்கிறேன். லயத்தில் யாருக்கு உறுதி இருக்கிறது, யாருக்குக் காணிப் பிளான் இருக்கிறது? காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், நாம் அதில் இருப்பவர்கள், அவ்வளவுதான். ஒரு காம்பரா காலியானால், தோட்டத் தலைவரும் கணக்கப்பிள்ளையும் தலையாட்டிவிட்டால், முதல் வேலையாக ஒரு சாமிப் படத்தைக் கொண்டுபோய் மாட்டி விளக்கேற்றுவோம். சாமான் பிறகு வரும், ஆள் பிறகு வரும். அந்தப் படம் இருக்கும்வரை வேறு எவரும் அந்தக் காம்பராவுக்கு ஆசைப்பட மாட்டார்கள். எவ்வளவு சண்டைக்காரனாக இருந்தாலும் அடுத்தவன் மாட்டிய படத்தைக் கழற்றமாட்டான். நமக்குத் தெரிந்த பதிவு அது ஒன்றுதான். அதைத்தான் அந்த றொசல்லைக்காரர்கள் செய்திருக்கிறார்கள். அதையேதான் நானும் உன் அப்பாவும் கொட்டகலையில் செய்தோம்.

அந்தக் கொட்டகலை வீட்டை நீ மறந்திருக்க முடியாது. நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தாய். நான் குவைத்திலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. உன்னையும் அப்பாவையும் விட்டுவிட்டு அங்கே போய், வேறு யாருடையவோ வீட்டை அறை அறையாகத் துடைத்துத் தேடிய காசு அது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டு கேட்டில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது. வீட்டுக்காரர் ஒரு பென்ஷன்காரர், வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. எங்களை நாற்காலியில் உட்காரவைத்து, பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தார். டவுனில் ஒரு வீட்டில் எங்களை நாற்காலியில் உட்கார வைத்து யாரும் அதுவரை டீ கொடுத்ததில்லை. அதிலேயே நாங்கள் பாதி விழுந்துவிட்டோம். விலை பேசினோம், முன்பணம் கொடுத்தோம். அவர் எங்கள் கண்முன்னாலேயே கேட்டில் இருந்த பலகையைக் கழற்றி உள்ளே வைத்தார். "இனி இது உங்க வீடு" என்றார். உன் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஐயா, சாமி படம் ஒண்ணு வெச்சுக்கலாங்களா?" "தாராளமா வைங்க, இதையெல்லாம் எங்கிட்ட கேக்கணுமா?" என்றார் அவர். அடுத்த ஞாயிறே மாரியம்மன் படத்தைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் மாட்டினார் உன் அப்பா.

உறுதி எழுத வேண்டும் என்று கேட்டபோதெல்லாம், கண்டியில் இருக்கிற தன் தம்பி வந்து கையெழுத்துப் போட வேண்டும், வந்துவிடுவார் என்றார். நாங்களும் சரி என்றோம். எதற்கு அவசரம்? பலகை இறங்கிவிட்டது, படம் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேரும் போய்க் கூட்டினோம், ஒட்டடை அடித்தோம், குசினிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். 'இந்த ஜன்னல் பக்கத்தில்தான் நான் படிப்பேன்' என்று நீ இடம் பிடித்துக்கொண்டாய். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது கேட்டில் புதுப் பூட்டுத் தொங்கியது. பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைப் பை. பைக்குள் பத்திரிகைத் தாளில் பக்குவமாகச் சுற்றிய மாரியம்மன். கடைத்தெருவில் யாரோ ஒரு முதலாளி கூடுதலாகத் தருகிறேன் என்றிருக்கிறார், கண்டித் தம்பியும் அதற்கு உடனே வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். முன்பணத்தை அந்தப் பென்ஷன்காரர் ஒரு சதம் குறையாமல் திருப்பித் தந்தார். அதுவும் நாற்காலியில் உட்காரவைத்துத்தான். முழுக் காசையும் தந்துவிட்டதால் அவரைத் திருடன் என்று யாரிடமும் போய்ச் சொல்லக்கூட எங்களுக்கு வழியில்லை. தலைவரிடம் போனோம், அவர் டவுனில் தெரிந்த ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனார். வக்கீல் சிரிக்கவில்லை, அந்த மட்டில் புண்ணியம். "காணி விஷயத்துல நொத்தாரிசு முன்னால எழுதிக் கையெழுத்து வைக்காத பேச்சு எதுவும் செல்லாதும்மா" என்றார். உன் அப்பா அந்தப் படத்தைக் கொண்டுவந்து லயத்தில் பழைய ஆணியிலேயே மாட்டினார். அதற்குப் பிறகு வீடு என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நீ இந்த விளம்பரத்தை அனுப்பும்வரை எடுக்கவில்லை. குவைத் காசு உன் படிப்புக்குப் போனது. நல்லதுக்குத்தான் போனது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அந்தப் படத்தை யார் கழற்றியிருப்பார்கள் என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். அந்தப் பென்ஷன்காரரா, வாங்கிய முதலாளியா, அவர் வீட்டுப் பெண்ணா? எவருடைய கை துணிந்தது? கொழுந்து எடுக்கும்போது, சோறு வடிக்கும்போது, இது திடீரென்று மனதில் வரும். இப்போது அந்தப் பையை என்னிடமே நீட்டுகிறார்கள் தம்பி. கழற்றச் சொல்வது என் மகனுக்காக. புரோக்கரே தொடப் பயப்படுகிற காரியத்தை உன் அம்மா செய்ய வேண்டுமாம்.

நான் தொடவில்லை. வீட்டைக் கூட்டவும் இல்லை. அந்த வாடிய பூவை மட்டும் எடுத்துக் கொய்யா மரத்தடியில் போட்டுவிட்டு வந்தேன். வந்ததும் உனக்குப் போன் எடுத்தேன். புரோக்கர் சொன்னதையெல்லாம் சொன்னேன். நீ சொன்னாய், "சட்டப்படி இதுல ஒரு தப்பும் இல்லம்மா. அவங்க அக்ரிமென்ட் எழுதல. லோன் கிடைக்குமான்னும் தெரியாது. நாங்க எடுக்கலன்னா வேற எவனாச்சும் எடுப்பான்." அதோடு, "கொட்டகலையில நம்மள ஏமாத்துனப்ப நீங்கதானே அழுதுக்கிட்டே சொன்னீங்க, இனி ஒருத்தன்கிட்டயும் ஏமாறக்கூடாதுன்னு?" என்றும் சொன்னாய். ஆமாம், சொன்னேன். ஏமாறாதே என்றுதான் சொன்னேன். அந்தப் பென்ஷன்காரரைப் பார்த்துத் தொழில் பழகிக்கொள் என்று சொல்லவில்லை. நீ அவருக்குக்கூடச் சமமில்லை. அவருக்கு நாங்கள் யாரோ, நாங்கள் மாட்டிய படத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது என்றாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். உனக்கு எல்லாம் தெரியும். அந்த கேட்டுக்கு முன்னால் சுண்ணாம்பு வாளியோடு நீயும் நின்றாய்.

இந்த விளம்பரங்களில் போடுகிற நிலைகளைப் பற்றி, வீடு தேடும் மற்றப் பிள்ளைகளுக்குச் சிலதைச் சொல்லிவிடுகிறேன், நீயும் வேண்டுமானால் கேள். 'விற்பனைக்கு' என்று போட்டிருந்தால் விற்க ஆசைப்படுகிறார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். விற்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்தக் கண்டித் தம்பியைப் போல எத்தனை பேருக்கு அதில் பங்கு இருக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள், காணிப் பதிவகத்தில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 'பேச்சில் உள்ளது' என்றால் யாரோ வந்து பார்த்து விலை கேட்டிருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை. நீங்களும் போய்க் கேட்கலாம், அதில் பாவமில்லை. 'மீண்டும் விற்பனைக்கு' என்றால் ஏன் திரும்பி வந்தது என்று கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நம் மலைகளில் பின்பக்கச் சரிவு வெடித்திருக்கும், மழைக்காலத்தில் எழும்பிப் போகச் சொல்லி அதிகாரிகள் கடிதம் கொடுத்திருப்பார்கள், முன்பு வாங்க வந்தவன் அதைக் கண்டு ஓடியிருப்பான். பட்டையில் அதெல்லாம் எழுதியிருக்காது. இல்லாவிட்டால், உன்னைப் போல ஒருவன் நடுவில் புகுந்திருப்பான். அதுவும் எழுதியிருக்காது.

'விற்பனையாகிவிட்டது' என்பதையும் நம்பிவிடாதீர்கள். என் மகன் இன்னும் கையெழுத்து வைக்கவே இல்லை, அதற்குள் அந்த வீட்டுக்குச் சிவப்புப் பட்டை போட்டுவிட்டார்கள். உறுதியில் கையெழுத்து விழுந்து, பதிவகத்தில் பதியும்வரை எந்த வீடும் விற்பனையாகவில்லை. முன்பணம் கொடுக்கிற அன்றைக்கே நொத்தாரிசு முன்னால் விற்பனை ஒப்பந்தம் எழுதுங்கள், எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று அதில் போடச் சொல்லுங்கள், அதையும் பதிந்துவிடுங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள். நாற்காலியில் தாராளமாக உட்காருங்கள். ஆனால் கையெழுத்து வாங்காமல் எழும்பாதீர்கள். சாமிப் படத்தை அதற்குப் பிறகு கொண்டுபோங்கள். நாங்கள் படத்தை முதலில் கொண்டுபோனோம். றொசல்லைக்காரர்களும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். லயத்துக்கு வெளியே வீடு எப்படிக் கைமாறும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் அடுத்தவனுடைய கூரைக்குக் கீழேயே இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

கடைசியாக 'முன்பணம் பெறப்பட்டது' என்பது. சட்டத்தில் அதற்கு எவ்வளவு பெறுமதி என்று நீ எனக்குச் சொல்லிவிட்டாய், ஒன்றுமில்லை என்று. சரி. சட்டம் உன் பக்கம் இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பென்ஷன்காரர் பக்கமும் சட்டம்தான் இருந்தது. அதனால் எங்களுக்கு வலிக்காமல் போய்விடவில்லை. அந்தப் பட்டையைப் பார்க்கும் மனுஷன் செய்யக்கூடியது ஒன்றுதான். 'அவங்களுக்கு முடியாமப் போச்சுன்னா எனக்குச் சொல்லுங்க' என்று நம்பரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் அது அடுத்தவன் அடுப்பில் இருக்கிற பானையை இறக்குகிற வேலை.

றொசல்லைக்குப் போய் அந்தம்மாவிடம் நானே சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ரயிலில் போனால் எவ்வளவு தூரம்? 'உங்களுக்குத் தெரியாம வெள்ளிக்கிழமை வேற ஆளுக்கு எழுதுறாங்க, ஓடுங்க, ஒரு வக்கீலப் புடிங்க' என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. 'யாரும்மா அந்த ஆளு?' என்று அவள் கேட்டால் பதில் சொல்லத்தான் வாயில்லை. ஸ்டேஷன்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். என் வாழ்க்கையில் நான் திருடியதில்லை, பொய்ச் சத்தியம் செய்ததில்லை, குவைத்தில் நான் வேலை செய்த வீட்டு மேடம் மேசையில் நகையை விட்டுவிட்டுப் போய்ச் சோதித்தபோதுகூடத் தலை நிமிர்ந்துதான் நின்றேன். என்னைப் போலவே கூடை சுமக்கிற ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை. அதற்கு உனக்கு நன்றி.

நீ என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வீட்டுக்காரருக்குப் போன் எடு. அவங்க லோன் வரும்வரை நான் காத்திருக்கிறேன், பழைய விலைக்கே அவங்களுக்குக் கொடுங்க, அவங்களால முடியலன்னா மட்டும் என்னைக் கூப்பிடுங்க என்று சொல். அந்தக் குடும்பத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும்படியும் சொல். உனக்கு வக்கீல்மாரைத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. உண்மையிலேயே அவர்கள் வேண்டாம் என்று போனால், அந்தப் படத்தை அவர்களே வந்து எடுத்துப்போனால், நீ அந்த வீட்டை வாங்கு. முதல் ஆளாக நான் வந்து நிற்பேன். வீடு கைவிட்டுப் போனால் போகட்டும். எங்களுக்கு லயத்தில் இருந்து பழக்கம், இன்னும் கொஞ்ச நாள் இருப்பதில் ஒன்றும் ஆகிவிடாது. அப்பாவுக்கு மட்டும் மனசு உடையும். அதை நான் எப்படியாவது தாங்கிக்கொள்வேன், முன்பும் தாங்கியிருக்கிறேன்.

இல்லை, நான் கையெழுத்து வைக்கத்தான் போகிறேன் என்றால், வை. உன்னைத் தடுக்கிற பலம் எனக்கில்லை. அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டவும் மாட்டேன். அவருக்கு வயது போய்விட்டது, இரண்டாம் தடவையாக ஒரு வீட்டை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வராது. பால் காய்ச்சுகிற அன்றைக்கு அவருக்கு வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, நானே பஸ் ஏற்றிவிடுவேன். அவர் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்து பார்த்துச் சிரிப்பார், அதை நீ பக்கத்தில் நின்று பார். முன் அறைச் சுவரில் அந்தப் படம் இருந்தால் அதை நீதான் கழற்ற வேண்டும், வேறு யாரிடமும் பையை நீட்டாதே. அம்மா ஏன் வரவில்லை என்று அவர் கேட்டால், கால் வலி என்று சொல்லிவிடு. அவர் நம்புவார். நீ சொன்னால் நாங்கள் எப்போதும் நம்பித்தானே இருக்கிறோம்.